ஸ்பேனர் பிடிக்கத்தான் லாயக்கு



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட போட்டோவுக்கு வந்த கமெண்டுகளுக்கு இது பதில். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்தால் விரல் வலிக்கிறது, அதனால் ஒரே பதிவு. கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய தண்டனை இல்லை.

போட்டோவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்டின் கார் பார்க்கிங். என் 2004 மாடல் மாருதி 800. முன்பக்க வலது சக்கரம் கழற்றிக் கிடக்கிறது. நான் லோயர் ஆர்மைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ மீன் பிடித்தவனைப் போல் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். முழங்கை வரை கிரீஸ்.

நாற்பத்துச் சொச்சம் கமெண்ட். "சூப்பர் சார்" போட்டவர்களுக்கு நன்றி. மற்றவர்களோடுதான் எனக்குச் சண்டை.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன்: "மாமா, இருபது வருஷ வண்டி. ஸ்கிராப்புக்குப் போட்டுட்டு டாக்ஸியில போங்க." என் அண்ணி: "தம்பி, இந்த வயசுல இது தேவையா? ஒரு பையனைக் கூப்பிட்டா ஐந்நூறு ரூபாய்க்குச் செஞ்சுட்டுப் போறான்." ஒரு கார் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியர், என் 1996 பேட்ச் மாணவன்: "நாலு அடி வலுவா போட்டா வந்துடும் சார். இதுல என்ன இருக்கு." நான்காவது, இப்போது தானும் ஆசிரியராக இருக்கும் ஒரு மாணவி எழுதியது: "சார், இத்தனை பேருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துட்டு, கடைசியில படிக்காதவங்க செய்யற வேலையா?"

அக்கா மகனுக்கு ஒரே வரியில் பதில்: வண்டிக்கு எஃப்.சி. இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது, நீ வரும்போதெல்லாம் இதில்தான் கபாலி கோயிலுக்குப் போகிறாய். அண்ணி சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது கமெண்டும் நான்காவதும்தான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கமெண்ட். இந்த வேலையில் மூளைக்கு இடமில்லை என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருவர் அதனால் சுத்தியலை எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் அதனால் கையை எடுக்கச் சொல்கிறார். இதே நினைப்பில் நானும் முப்பத்து நான்கு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு கோபம். கொஞ்சம் என் மேலேயும்தான்.

வண்டிக்கு வந்த கோளாறு இதுதான். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட லஸ், மந்தைவெளி ரோடுகளில் போகிறவர்களுக்கு முன்சக்கரத்துப் பக்கம் 'டக் டக்' என்று கேட்கும் சத்தம் பழக்கமாகியிருக்கும். என் வண்டியில் அது ஸ்பீட் பிரேக்கரில் மட்டும் கேட்டது, பிறகு எல்லா இடத்திலும் கேட்டது. டயரின் உள்விளிம்பு தேய்ந்திருந்தது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்து, பால் ஜாயிண்டும் ஆடிப்போயிருந்தது. பால் ஜாயிண்ட் கழன்றுகொண்டால் ஓடும் வண்டியில் சக்கரம் வெளிப்பக்கம் மடங்கிவிடும். ஆகவே தள்ளிப்போடக் கூடிய வேலை இல்லை.

இதை மாற்றுவது புத்தகப்படி ஒரு மணி நேர வேலை. ஆனால் இந்த வண்டி 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்தில் என் மகள் வீட்டு வாசலில் நின்றது. அடையாறு ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாளும் கதவுக் கைப்பிடி வரை தண்ணீரில் கிடந்தது. அதற்குப் பின் பத்து வருஷமாகச் சாந்தோம் பக்கத்து உப்புக்காற்று. போல்ட்டும் அது நுழைந்திருக்கும் குழாயும் ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. வகுப்பில் நான் சொன்னது சிலருக்கு நினைவிருக்கலாம்: இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் இடம் எடுத்துக்கொள்ளும். திறந்த வெளியில் அது உதிர்ந்துவிடும். இறுக்கமான துளைக்குள் அதற்குப் போக்கிடமில்லை, நெரித்துப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் தெரிந்த நான் முதல் நாள் என்ன செய்தேன்? நட்டைக் கழற்றினேன். போல்ட் சுற்றியது. 'ஆஹா, வந்துவிட்டது' என்று நினைத்தேன். சுற்றியதே தவிர ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. என் மெக்கானிக்கல் இன்ஜினியர் சொன்னதைத்தான், அவன் சொல்வதற்கு முன்பே, நானும் செய்தேன். நாலு அடி இல்லை, நாற்பது அடி போட்டேன். ஃப்ளாட் செக்ரட்டரி மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். போல்ட்டின் முனை நசுங்கிக் காளான் மாதிரி விரிந்தது. இனி அது அந்தத் துளை வழியாக எந்தப் பிறவியிலும் வராது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எங்கள் பார்க்கிங் தரை, மழைத்தண்ணீர் ஓடுவதற்காகக் கேட்டை நோக்கிக் கொஞ்சம் சரிவு. பின்சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை, ஹேண்ட் பிரேக்கை நம்பினேன். வண்டிக்கு அடியில் முட்டு இல்லை, வண்டியோடு வந்த ஜாக்கி மட்டும். அடித்த அடியில் ஜாக்கி சாய்ந்தது. பிரேக் டிஸ்க் தரையில் இடித்து நின்றது. என் கால் அரை அடி தள்ளியிருந்தது. இது இன்று வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. என் மனைவியும் இந்தப் பதிவில்தான் படிக்கப் போகிறாள், ஆகவே இன்று மாலை காபி கிடைக்குமா என்பது சந்தேகம்.

அப்போதுதான் ஒருவனுக்குப் போன் செய்தேன்.

அவன் பெயரை எழுதவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டான். 'அவர்' என்று எழுதட்டுமா என்றும் கேட்டேன். "சார், அவன்னே எழுதுங்க, அவர்னா வேற யாரோ மாதிரி இருக்கு" என்றான். தி.நகரில் ஒரு சந்தில் சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஆறு பேர் அவனிடம் வேலை பார்க்கிறார்கள். 1991-இல் என் பத்தாம் வகுப்பு மாணவன். அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் பதினொரு மதிப்பெண். விடைத்தாளை அவன் கையில் கொடுக்காமல் தூக்கிக் காட்டி, வகுப்பு முழுவதும் கேட்கும்படி நான் சொன்னேன்: "நீ ஸ்பேனர் பிடிக்கத்தான்டா லாயக்கு."

வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அவன் அந்த வருஷமே பள்ளியை விட்டான். அவன் நின்றதற்குக் குடும்பச் சூழ்நிலை காரணம் என்று அவன் சொல்கிறான். நான் சொன்ன வார்த்தை காரணம் இல்லை என்று என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறானா, உண்மையாகவே சொல்கிறானா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

போன் செய்த அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்தான். வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். "சார், முட்டு எங்க?" என்றான். இல்லை என்றேன். "கல்லு?" அதுவும் இல்லை. ஒன்றும் பேசாமல் இரண்டு நிமிடம் நின்றான். பிறகு, முப்பது வருஷத்துக்கு மேல் என்னை 'சார்' என்று மட்டும் அழைத்தவன், "சார், நீங்க அங்க போய் உக்காருங்க" என்றான். போய் உட்கார்ந்தேன். பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல். சேஸிஸுக்கு அடியில் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு. கழற்றிய சக்கரத்தை வண்டியின் பக்கவாட்டுக்கு அடியில் படுக்க வைத்தான், எல்லாம் கைவிட்டாலும் வண்டி அதன் மேல்தான் விழும். வண்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தான். அதன் பிறகுதான் கீழே குனிந்தான்.

போல்ட் முனையைத் தடவிப் பார்த்துவிட்டு, "யார் சார் இதை அடிச்சது?" என்றான்.

"முன்னாடி பார்த்த மெக்கானிக்கா இருக்கும்" என்றேன். வாழ்நாளில் எத்தனை பையன்களை இதே பொய்க்காகப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்! அவன் பளபளவென்று புதிதாக இருந்த நசுங்கலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நானே ஒப்புக்கொண்டேன்.

இனி, அந்த மூன்று நாளில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். "இதுல என்ன இருக்கு" என்று கேட்ட இன்ஜினியர் தம்பி கவனமாகப் படிக்கவும்.

போல்ட் சுற்றியும் வெளியே வராததற்குக் காரணம், அது தனியாகச் சுற்றவில்லை. புஷ்ஷின் நடுவில் ஒரு எஃகுக் குழாய் இருக்கிறது. போல்ட் அதோடு துருவால் ஒட்டிக்கொண்டது. நான் திருப்பும்போது குழாயும் சேர்ந்து திரும்பி, சுற்றியுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டது. அடித்தாலும் அதே கதைதான்: அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும், துருவுக்கு ஒன்றுமே போய்ச் சேராது. சுத்தியல் பெரிதானால் போல்ட் முனைதான் நசுங்கும். இதை அவன் எனக்கு விளக்கிய விதம்: "தலகாணி மேல ஆணி வச்சு அடிச்சா எறங்குமா சார்?" நிலைமத்தையும் விசைத் தாக்கத்தையும் இவ்வளவு சுருக்கமாக நான் ஒரு வருஷமும் நடத்தியதில்லை.

வழி என்ன? புஷ் எப்படியும் தூக்கிப் போடப் போவதுதானே. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி இருக்கும். அதில் ஆக்ஸா பிளேடை மட்டும் விட்டு, துணி சுற்றிப் பிடித்து, இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தோம். எனக்குப் பிளேடு மூன்று உடைந்தது. அவனுக்கு ஒன்றுகூட உடையவில்லை. அழுத்தாமல் இழுக்க வேண்டுமாம். நாற்பது நிமிடம். சத்தம் இல்லை, செக்ரட்டரி எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்தது பால் ஜாயிண்ட். இந்த வண்டியில் அதன் தண்டு மேலே நக்கிளுக்குள் நுழைந்து, குறுக்கே ஒரு போல்ட்டால் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். போல்ட்டைத் தளர்த்தினால் தண்டு இறங்கிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இறங்காது. தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். குறுக்குப் போல்ட் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். தளர்ந்துபோனாலும் தண்டு நழுவிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. போல்ட்டை முழுவதும் வெளியே உருவினால்தான் வேலை நடக்கும். இது தெரியாமல் கடப்பாரை போட்டு நெம்பியவர்கள், நக்கிளையே விரிசல் விட வைத்த வண்டிகள் மாதத்துக்கு ஒன்று இரண்டு அவனிடம் வருமாம்.

அந்தக் குறுக்குப் போல்ட்டும் துருதான். அவன் அவசரப்படவில்லை. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தான். துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாளும் எண்ணெய். மூன்றாம் நாள் சின்ன கேஸ் டார்ச். போல்ட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள இரும்பைத்தான் சூடாக்கினான். பிரேக் ஹோஸை ஒதுக்கிக் கட்டி, ஈரத்துணி சுற்றி, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்த பிறகுதான் பற்ற வைத்தான். முதல் இரண்டு நாள் அடித்த எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுத்திருந்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். எஃகு ஒரு டிகிரிக்கு 0.000012 பங்கு விரியும். 12 மி.மீ. குறுக்களவு 300 டிகிரி சூட்டில் சுமார் 0.04 மி.மீ. கூடும். தலைமுடியின் பருமன்கூட இல்லை. ஆனால் துரு நொறுங்கக் கூடியது, அந்த அளவு அசைவே அதை உடைக்கப் போதும். ஆறவிட்டு மறுபடி எண்ணெய் வைத்தான். இப்போது விரிசல் வழியாக நுண்புழை ஏற்றம் எண்ணெயை உள்ளே இழுத்தது. பிறகு ரிங் ஸ்பேனரைப் போட்டு, கழற்றுகிற பக்கம் திருப்பாமல் முதலில் இறுக்குகிற பக்கம் லேசாகத் தட்டினான். 'டிக்' என்று ஒரு சத்தம். "விட்டுடுச்சு சார்" என்றான். கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, அரைக்கால் சுற்று பின்னால், மறுபடி முன்னால். பத்து நிமிடத்தில் போல்ட் முழுதாகக் கையில். மரை ஒன்றுகூடச் சிதையவில்லை.

வெப்ப விரிவை நான் முப்பத்து நான்கு வருஷம் கரும்பலகையில் நடத்தினேன். வளையமும் குண்டும் படம் வரைந்து பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண். பதினொரு மதிப்பெண் வாங்கியவன் அதைக் கையால் நடத்திக் காட்டியதை அன்று முதல் முறையாகப் பார்த்தேன்.

சுத்தியலே கூடாது என்று நான் சொல்லவில்லை. டை ராட் எண்டைக் கழற்ற அவனும் சுத்தியல்தான் எடுத்தான். ஆனால் இரண்டு. அங்கே தண்டு கூம்பு வடிவில் இருக்கும், ஆப்பு மாதிரி துளையில் உட்கார்ந்து உராய்வால் பிடித்துக்கொள்ளும். ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டுவைத்தான். கனமான சுத்தியல் ஒன்றைத் துளையின் ஒரு பக்கம் அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் சுருக்கென்று ஒரு அடி. துளை ஒரு கணம் நெளிந்து மீள்வதில் கூம்பு தானாகக் கழன்றது. தண்டின் தலையில் அடிக்கவே இல்லை. இன்ஜினியர் தம்பி, நீ சொன்னதுபோல் அடிதான், ஆனால் எங்கே, எந்தப் பக்கமாக, பின்னால் என்ன முட்டுக் கொடுத்து என்பதில்தான் அத்தனையும் இருக்கிறது. ஆப்பின் தத்துவத்தை எனக்கு எழுதிக் காட்டிப் பத்துக்குப் பத்து வாங்கியவன் நீ.

புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோட்டுக்கு என்னை அனுப்பினான். போல்ட்டை மட்டும் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன், விலை குறைவு. "தலையில என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாத்து வாங்குங்க சார்" என்றான். பார்த்தேன். 8.8, 10.9 என்றெல்லாம் இருக்கும். 8.8 என்றால் அறுபட ஒரு சதுர மி.மீட்டருக்கு 800 நியூட்டன் வேண்டும், அதில் 0.8 பங்கிலேயே நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் என்று பொருள். ஹார்ட்வேர் கடை போல்ட்டின் தலை மொட்டையாக இருந்தது. பழையதில் என்ன எண்ணோ அதே எண்ணில் வாங்கி வந்தேன்.

பூட்டும்போது ஒன்று செய்தான், அதை யோசித்து அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன். புஷ் போல்ட்டை விரலால் மட்டும் முடுக்கிவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைக் கீழே இறக்கி, வண்டி தன் எடையில் நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்கினான். ஏன் என்று கேட்டேன். "தொங்கும்போது டைட் பண்ணா, எறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கும் சார். ஆயுசு பூரா முறுக்கிட்டே இருக்கும். ஆறு மாசத்துல கிழிஞ்சுடும்." அதாவது, எது சமநிலை என்று முடிவு செய்துவிட்டு அந்த நிலையில் தகைவு சுழியாக இருக்கும்படி பூட்டுகிறான். என் ஆர்மில் புஷ் சீக்கிரம் கிழிந்ததற்குப் போன தடவை பூட்டியவர் தொங்கலில் இறுக்கியதே காரணமாக இருக்கலாம் என்பது அவன் ஊகம்.

படிக்காதவர் செய்கிற வேலை என்று எழுதிய அம்மா, மேலே உள்ள பத்திகளில் நீங்கள் வகுப்பில் நடத்தும் பாடங்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இது புதிதும் இல்லை. என் பெரியப்பாவிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தது. 1961 முதல் வண்டலூர்ப் பக்கம் தயாரான நம் ஊர் வண்டி. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு ஒரு வெண்கல டிரனியனுக்குள் மரையாகச் சுழலும். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் உள்ளே மரை வரை இறங்காது. மவுண்ட் ரோடு மெக்கானிக் ஒருவர் பெரியப்பாவிடம் இதைப் படித்துப் படித்துச் சொன்னார். பெரியப்பா பி.ஏ. ஆனர்ஸ். "கிரீஸும் எண்ணெய்தானேப்பா" என்றார். மரை வறண்டு இறுகி, ஒரு நாள் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிக் கிடந்தது. ஓடும்போது முறியாதது எங்கள் அதிர்ஷ்டம். அந்த மெக்கானிக்கைப் பற்றிப் பெரியப்பா பிறகும் 'அந்த ஆள்' என்றுதான் பேசினார்.

ஆயுத பூஜை அன்று ஸ்பேனருக்குச் சந்தனம் வைக்கிறோம், குங்குமம் வைக்கிறோம், பொரி கடலை வைத்துக் கற்பூரம் காட்டுகிறோம். மறுநாள் காலையிலிருந்து அதைப் பிடிக்கிறவனை 'டேய்' என்கிறோம். பையன் சரியாகப் படிக்கவில்லை என்றால் நம் வீடுகளில் சொல்லும் மிரட்டல் என்ன? "மெக்கானிக் ஷாப்புல விட்டுடுவேன்." அப்படி மிரட்டிக் கொண்டுபோய் விடப்படுகிற இடத்தில்தான் உங்கள் வண்டியின் பிரேக்கை நம்பிக் கொடுக்கிறீர்கள். உங்கள் பேரனும் அதில்தான் ஸ்கூலுக்குப் போகிறான்.

இந்த இடத்தில் யாராவது "சார், குலக்கல்விக்கு வக்காலத்தா?" என்று கேட்பீர்கள், தெரியும். இல்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பிள்ளைகளைப் பாதி நேரம் வீட்டுக்கு அனுப்பி அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. தச்சன் மகன் தச்சு, வண்ணான் மகன் வெளுப்பு. அதை எதிர்த்தவர்கள் சரியாகத்தான் எதிர்த்தார்கள், 1954-இல் காமராஜர் வந்ததும் அது ஒழிந்தது, ஒழிந்தது நல்லது. நான் கேட்பது அதற்கு நேர் எதிர். மயிலாப்பூர் ஆடிட்டர் மகனும் ஸ்பேனர் பிடிக்கட்டும், மெக்கானிக் மகளும் இயற்பியல் லேபில் நிற்கட்டும். அப்பன் தொழில் எது என்பது அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும். என் பள்ளியில் லேப் இருந்தது. அதில் ஒரு துருப்பிடித்த போல்ட்டும் ஒரு ரிங் ஸ்பேனரும் வைக்க எனக்கு ஒரு வருஷம்கூடத் தோன்றவில்லை. வைத்திருந்தால் அந்தப் பதினொரு மதிப்பெண் பையன்தான் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பான், நான் அன்று சொன்ன வாக்கியத்தையும் சொல்லியிருக்க மாட்டேன்.

இனி அண்ணிக்கு. நீங்கள் பயப்படுவது சரி, ஜாக்கி சாய்ந்த கதையை மேலே படித்திருப்பீர்கள். முட்டும் கல்லும் இல்லாமல் இனி ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டேன். வீட்டில் செய்யக் கூடாத வேலையும் இருக்கிறது. சக்கரத்துக்கு மேலே ஷாக் அப்சார்பரைச் சுற்றி இருக்கும் ஸ்பிரிங்கை வீட்டில் யாரும் பிரிக்க வேண்டாம். ஒரு மி.மீ. அமுக்க 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் 15 செ.மீ. அமுங்கியிருந்தால் அதற்குள் 225 ஜூல் காத்திருக்கிறது. 23 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து முகத்தில் போட்டுக்கொள்வதற்குச் சமம். அதற்கென்று கருவி இருக்கிற ஒர்க்‌ஷாப்பில்தான் அதைச் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பதும் அங்கேதான். நானும் பார்த்துவிட்டேன்.

ஆனால் அண்ணி, "ஐந்நூறு ரூபாய்க்குச் செஞ்சுட்டுப் போறான்" என்றீர்களே, அந்தப் பையனுக்கு யார் முட்டு வைத்துக் கொடுக்கிறார்கள்? நான் ஜாக்கிக்கு அடியில் படுத்தால் வயசு, ஆபத்து என்கிறீர்கள். பத்தொன்பது வயசுப் பையன் அதே ஜாக்கிக்கு அடியில், ரோட்டோரத்தில், செருப்புக் காலோடு படுத்தால் ஐந்நூறு ரூபாய் என்கிறீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை. நானும் எத்தனையோ தடவை குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, "சீக்கிரம் முடிப்பா" என்று சொல்லியிருக்கிறேன். கல் வைத்தாயா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என் மாணவனின் ஒர்க்‌ஷாப்பில் முட்டு வைக்காமல் வண்டிக்கு அடியில் தலை விட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவான். இதை அவன் சொல்லவில்லை, அவனிடம் வேலை பார்க்கும் பையன் ஒருவன் சொன்னான்.

அவனிடம் கூலி எவ்வளவு என்று கேட்டேன். வாங்க மாட்டேன் என்றான். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சண்டை போட்டேன். இலவசமாகச் செய்தால் அது குரு தட்சிணை ஆகிவிடும், குரு என்ன கொடுத்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கடைசியில் வாங்கிக்கொண்டான், ரசீதும் கொடுத்தான்.

1991-இல் வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னதால், இதையும் எல்லோரும் கேட்கும்படிதான் சொல்ல வேண்டும். தம்பி, நான் அன்று சொன்னது தவறு. உன்னிடம் நேரில் சொன்னபோது "விடுங்க சார்" என்றாய். அன்று சிரித்த பெஞ்சுகளுக்கும் தெரியட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். உன் பதினொரு மதிப்பெண்ணில் என் பங்கும் இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இடது பக்க லோயர் ஆர்ம். அந்தப் பக்கப் போல்ட்டுக்கு வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து எண்ணெய் விட ஆரம்பிக்கிறேன். அவன் காலை ஏழு மணிக்கு வருகிறான். இன்ஜினியர் தம்பி, நீ அடையாறில்தானே இருக்கிறாய், நீயும் வா. பழைய சட்டை போட்டுக்கொண்டு வா. ஆக்ஸா பிளேடு நான் வாங்கி வைத்துவிட்டேன், கல் இரண்டு இருக்கிறது, ஜாக்கி ஸ்டாண்டு அவன் கொண்டுவருவான். சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.